கடை வாசலுக்கு ரேடாரா, அகச்சிவப்பா?
சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகளில் தானியங்கிக் கதவு போடுபவர்கள் முதலில் கேட்பது விலை. ஆள் அசையாமல் நின்றால் கதவுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை.

ரேடார் உணரி 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, டாப்ளர் விளைவை (நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதை) வைத்து அசைவைப் பிடிக்கும். வருபவரைத் தூரத்திலேயே உணரும். கடை முன் நடைபாதையான ஐந்தடிப் பாதையில் சும்மா போகிறவருக்கும் திறந்துவிடும் (ஏர்கான் காற்றெல்லாம் தெருவுக்கு!). ஒருமுறை கைபேசியில் பேசியபடி வாசலிலேயே நின்ற பாட்டியின் தள்ளுவண்டியைக் கதவு இடித்தேவிட்டது.

அகச்சிவப்பு உணரி தரையில் பட்டுத் திரும்பும் ஒளியைப் பார்ப்பதால், அசையாத வண்டியும் அதற்குத் தெரியும். மழைநீர் பளபளக்கும் தரையில் கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான்.

திறக்க ரேடார், இடிக்காமலிருக்க அகச்சிவப்பு என இரண்டும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது. என் ஓட்டு அதற்கே.