மெர்ஜுக்கு முன் சோதனை: மூன்று வழிகளில் எது யாருக்கு?

புல் ரிக்வெஸ்டில் (பி.ஆர்., அதாவது என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கையில்) சோதனை தேறியதாகப் பச்சை டிக் விழுந்திருக்கும். மெர்ஜ் ஆனதும் மெயின், அதாவது எல்லோரும் பகிரும் முதன்மைக் கோடு, உடையும். கட்டணம் கணக்கிடும் ஃபங்ஷனை ஒருவர் ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாற்றி, அதை அழைக்கும் எல்லா இடங்களையும் திருத்துகிறார். அதே வேளையில் இன்னொருவர் புது ஃபைலில் அதே ஃபங்ஷனுக்கு ரூபாயையே அனுப்புகிறார். தொட்ட வரிகள் வெவ்வேறு என்பதால் கிட் கான்ஃப்ளிக்ட் (மோதல்) காட்டாது. 500 ரூபாய் பில் 5 ரூபாயாகப் போய்ச் சேரும்.

பி.ஆரை மட்டும் சோதிப்பது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கிக் கருவி வழக்கமாக உங்கள் பிராஞ்சை (நீங்கள் தனியாக மாற்றம் செய்யும் கிளையை) அப்போதைய மெயினோடு சேர்த்துத்தான் சோதிக்கிறது. ஆனால் அதன்பின் மெயின் எவ்வளவு நகர்ந்தாலும் தானாக மறுபடி ஓடாது. பலர் ஏமாறுவது இங்கேதான்: ரீ-ரன் பட்டனும் அதே பழைய கமிட்டையே (பதிவான மாற்றத்தையே) ஓட்டும். புது மெயினோடு சோதிக்க, புதிதாக புஷ் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மெர்ஜ் மட்டும் நடக்கும் ரெப்போவுக்கு இது போதும்.

பிராஞ்ச் அப்டேட் ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம். பிராஞ்ச் பாதுகாப்பு அமைப்பில் ஒரு டிக் போட்டால் மேலே சொன்ன ஓட்டை அடைபடும். விலை நேரம். 20 நிமிட சோதனை, 6 பி.ஆர். ஒரே நேரத்தில் தயார் என்று வையுங்கள். ஒன்று உள்ளே போனதும் மற்ற ஐந்தும் பழசாகிவிடும். எல்லாவற்றையும் உடனுக்குடன் அப்டேட் செய்தால் மொத்தம் 21 ஓட்டம், 2 மணி நேரம். மெர்ஜ் பட்டனை யார் முதலில் அழுத்துவது என்ற போட்டி வேறு. நான்கைந்து பேர் கொண்ட குழு தாங்கும். அதற்கு மேல் எரிச்சல்தான்.

மெர்ஜ் க்யூ. முதல் பி.ஆர். மெயினோடு, இரண்டாவது மெயினும் முதலாவதும் சேர்ந்ததோடு என்று, முன்னால் இருப்பவை தேறும் என்ற அனுமானத்தில் ஆறையும் ஒரே சமயத்தில் சோதிக்கலாம். எல்லாம் தேறினால் 20 நிமிடம். மூன்றாவது விழுந்தால் அதைக் கழற்றிவிட்டு, 4, 5, 6 மட்டும் மறுபடி ஓடும். ஓப்பன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் திட்டத்தின் சோதனைக் கருவியான ஸூல் இப்படித்தான் வேலை செய்கிறது. வழக்கமான அமைப்பில் ஒரே சமயத்தில் 20 மாற்றங்கள் வரை எடுக்கும், தோல்வி வந்தால் அந்த அளவைப் பாதியாக்கும், 3-க்குக் கீழே போகாது. கிட்லேப் மெர்ஜ் ட்ரெயினும் இதே வகை. கிட்ஹப் க்யூ 2023 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. தனிநபர் கணக்கின் ரெப்போவுக்குக் கிடையாது.

ஆனால் க்யூ எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 100-க்கு 2 முறை காரணமில்லாமல் விழும் சோதனையை வைத்துக்கொண்டு 10 பி.ஆரை வரிசையில் நிறுத்தினால், ஒன்றாவது வீணாக விழ ஏறக்குறைய 18 விழுக்காடு வாய்ப்பு. பின்னால் நிற்பவை எல்லாம் மறுபடி ஓடும். முதலில் அந்தச் சோதனைகளைச் சரிசெய்யுங்கள், க்யூ அப்புறம்.

கிட்ஹப்பில் க்யூ வைப்பவர்கள் ஒர்க்ஃப்ளோவில் (எப்போது எந்தச் சோதனை ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபைலில்) 'மெர்ஜ்_குரூப்' (merge_group) நிகழ்வைச் சேர்க்க மறப்பார்கள். அது இல்லாவிட்டால் க்யூவில் சோதனை தொடங்காது. கட்டாய சோதனையின் முடிவு வரவே வராது, பி.ஆர். காத்துக் கிடந்து, நேரம் முடிந்ததும் வெளியேறும். கனமான சோதனையை க்யூவில் மட்டும் ஓட்ட விரும்பினால், பி.ஆரில் அதை ஜாப்புக்குள் (ஒர்க்ஃப்ளோவின் ஒரு பகுதிக்குள்) நிபந்தனை வைத்துத் தவிருங்கள். அது தேறியதாகவே கணக்காகும். பாத் ஃபில்டரால் (எந்த ஃபைல்கள் மாறினால் ஓட வேண்டும் என்ற விதியால்) முழு ஒர்க்ஃப்ளோவையும் தவிர்த்தால், அந்தச் சோதனை 'பெண்டிங்' என்றே நின்று மெர்ஜைத் தடுக்கும்.