கொட்டா கட்டறவங்களுக்கு: சுங்கை சிப்புட் ஹார்ட்வேர் கடையில மிக்சர் வாடக

வீட்டுக்குப் பின்னாடி சொந்தமா கொட்டா போடணும்னு நெனைக்கறவங்க முதல்ல தரைக்கு எவ்வளவு கலவ ஆகும்னு கணக்கு போட்டுட்டு அப்பறம் மண்வெட்டிய தொடுங்க. 10க்கு 8 அடி தரை, 4 இன்ச் கனம்னா கிட்டத்தட்ட 1,800 கிலோ கான்கிரீட்டு. 50 கிலோ சிமெண்டு மூட்ட ஒன்ன 1:2:4னு (சிமெண்டு ஒன்னு, மணல் ரெண்டு, கல்லு நாலு பங்கு) கலந்தா மணலும் கல்லுமே 300 கிலோவ தாண்டிரும், அத கீழ கொட்டி கையால பொரட்டி தண்ணி ஊத்தி மறுபடியும் பொரட்டி, நம்ம ஊரு வெயில்ல இடுப்பு என்னாத்துக்கு ஆகும்? கூரை போடற வேலையெல்லாம் இதுக்கு முன்னால ஒன்னுமே இல்ல.

அதுக்குத்தான் பேராக், சுங்கை சிப்புட் டவுன்ல இருக்கற இந்த ஹார்ட்வேர் கடைய சொல்றேன். சின்ன மிக்சர் மிஷின் நாள் வாடகைக்கு விடறாங்க, ரெண்டு ஆளு கூலிய விட கம்மிதான். டிரம் சுத்திக்கிட்டே இருக்கும், நாம அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கணும், அந்த வேல கொறையாது, தோள்பட்ட ராத்திரி பூரா வலிக்கும், ஆனா முதுக ஒடிக்கற பொரட்டற வேல மொத்தமா போயிருது. மதியத்துக்கு மேல மழ கட்டிக்கிட்டு வர்ற ஊருல காலையிலேயே தரைய போட்டு முடிச்சிரலாம்லா, அது எவ்வளவு பெரிய ஒத்தாச!

லோரி தம்பி மூட்டைய கேட்டுலயே போட்டுட்டு ஓடல. பின்னாடி வரைக்கும் தூக்கிட்டு வந்து, "மண்ணு மேல வச்சா ஈரம் ஏறி கட்டியாயிரும்ணே"ன்னு பலகை போட்டு அடுக்கிட்டுத்தான் போனாரு.

தவுக்கே, அதான் கடை மொதலாளி, நல்லா தமிழ் பேசுவாரு. கூரைக்குப் போடற ஜிங்க் ஷீட்டுக்கு ஸ்குரூ கேட்டேன், ஒன்ன எடுத்து அடியில இருக்கற கருப்பு ரப்பர நகத்தால அமுக்கி காட்டி, "தம்பி, இது லேசா பிதுங்குச்சா, நிறுத்திரு, இன்னும் முறுக்குனா ரப்பர் கிழிஞ்சு ஒழுகும். ஷீட்டு மேட்டுல அடி, பள்ளத்துல தண்ணி ஓடும்"னாரு. மெராந்தி மரம் வாங்குனா கறையான் மருந்து ஏத்துனதா பாத்து வாங்குன்னும் அவராதான் சொன்னாரு. விக்கறவரு இப்படி நின்னு சொல்லித் தர்றது எனக்கு ரொம்ப பெரிய விஷயம்.

ஒரே கொற, கையுற துணியிலதான் வச்சிருக்காங்க. ஈர சிமெண்டு தோல அரிச்சு புண்ணாக்கிரும், துணி அத உறிஞ்சி கையோட ஒட்ட வச்சிரும். முழங்கை வரைக்கும் வர்ற ரப்பர் கையுறையும் பூட்ஸும் வேற எங்கயாவது வாங்கிட்டு போங்க, இத கடையில வச்சே ஆகணும்.

மிஷின் சனி ஞாயிறுல கெடைக்கறது கஷ்டம், வாரத்து நடுவுலயே போயி சொல்லி வச்சிருங்க. திருப்பிக் குடுக்கும்போது டிரம்ம நல்லா கழுவி குடுங்க, காஞ்சு போச்சுன்னா அடுத்தவங்களுக்கு சிரமம்.