ஊட்டி மார்க்கெட் அருகே ஒரு சோயா கடை: விதையின் பருமனும் விலையும்

ஊட்டி நகராட்சி மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், சோயாவை மட்டுமே விற்கும் சிறு கடையில் மூன்று வகை விதைகள் கிடைக்கின்றன: முதல் தரம் என்று அதிக விலைக்கு விற்கப்படும் பருத்த மஞ்சள் விதை, நடுத்தர மஞ்சள் விதை, உத்தராகண்டில் ‘பட்’ என்று வழங்கும் சிறிய கறுப்பு விதை. கல்லோ பூச்சி அரித்ததோ தென்படவில்லை. கடையிலேயே சோயாப் பாலைத் திரித்துச் செய்யும் கட்டியான டோஃபுவும் புளிப்பு வாடையின்றி நன்றாக இருக்கிறது.

என் மனக்குறை விலையைப் பற்றியது. பருமனே தரம் என்று கடை கொள்கிறது. டோஃபு கெட்டியாக உறைவது புரதத்தால் என்பதால், அதைச் செய்ய வாங்குவோருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பயிரிடப்படும் சோயாவில் ஏறத்தாழ 40 சதவீதம் புரதமும் 20 சதவீதம் எண்ணெயும் உள்ளன. ஒன்று கூடினால் மற்றது பெரும்பாலும் குறையும். ஊறவைத்த விதையை இரு விரல்களால் அழுத்தினால் மெல்லிய தோல் வழுக்கிக் கழன்றுவிடும். விதை செடியில் முதிரும்போது அந்தத் தோலில்தான் ஜிஎம்ஸ்வீட்10ஏ, ஜிஎம்ஸ்வீட்10பி என்னும் மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று சீன ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினர். அவை உருவாக்கும் புரதங்கள், செடி அனுப்பும் சர்க்கரையைத் தோலிலிருந்து உள்ளே வளரும் கருவுக்குக் கடத்துகின்றன. சர்க்கரை மிகுதியாகச் சேரும்போது விதை பருக்கிறது, எண்ணெய் கூடுகிறது, புரதத்தின் பங்கு குறைகிறது. இரு மரபணுக்களையும் செயலிழக்கச் செய்த செடிகளில் விதை சிறுத்து, எண்ணெய் குறைந்து, புரதம் கூடியது. பயிர்ச் சோயாவின் மூதாதையான காட்டுச் சோயாவின் நூறு விதைகள் பெரும்பாலும் 3 கிராமைத் தாண்டுவதில்லை. தலைமுறை தலைமுறையாகப் பருத்த விதையைத் தேர்ந்து விதைத்த உழவர்கள் எண்ணெயையும் சேர்த்தே தேர்ந்திருக்கிறார்கள்.

மண்ணும் மழையும் வேறு பல மரபணுக்களும் இதில் பங்கு கொள்வதால், பருமனைக் கொண்டே புரதத்தை அளந்துவிட முடியாது என்பதும் உண்மை. ஆனாலும் இக்கடையின் நடுத்தர விதைதான் வெட்டினால் உதிராத, கெட்டியான டோஃபுவைத் தந்தது. பருத்த விதையின் பால் குடிக்கச் சுவையாக இருந்தாலும், திரிந்தபின் கட்டி தளர்வாகவே நின்றது. கறுப்பு விதை குழம்புக்கு ஏற்றது.

ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. அரைவேக்காட்டுச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் எஞ்சிவிடும் என்பதால், குக்கரிலேயே வேகவைக்கும்படி கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக் கொடுக்கிறார். இந்த அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன். அதே அக்கறையோடு மூட்டைகளின் மேல் ரகத்தின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். டோஃபு செய்ய நினைப்பவர்கள் நடுத்தர விதையையே கேட்டு வாங்குங்கள்.