தம்பியின் வீட்டுக்கு என் பெயரில் வீட்டுக்கடன்: ஆறு ஆண்டு அனுபவம்

கோவையில் லேத் பட்டறை நடத்தும் என் தம்பி குடியிருக்கும் வீட்டுக்காக, மாதச் சம்பளக்காரனான நான் ஒரு வங்கியில் என் பெயரில் வீட்டுக்கடன் வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவன் அதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. ஆகவே கிரயப் பத்திரமும் கடனும் என் பெயரில் இருக்கட்டும், முன்பணமும் மாதத் தவணையும் அவன் பொறுப்பு என்று அம்மா முன்னிலையில் பேசி முடித்தோம்.

கடன் வழங்கிய விதத்தில் வங்கியின் மீது எனக்குக் குறை இல்லை. மூன்றாம் வாரத்தில் பணம் கிடைத்தது. வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பொறுமையாகச் சரிபார்த்தார். மாறும் வட்டிக் கடன் என்பதால் முன்கூட்டியே அடைத்தாலும் கட்டணம் கிடையாது. ஆனால், குடியிருக்கப் போவது தம்பி என்று நான் சொன்ன பிறகும், அதனால் எனக்கு நேரக்கூடியது என்ன என்று கிளையில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. இதைப் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

பட்டறைக்கு வரவேண்டிய பாக்கி வராமல் போன ஒரு கோடையில் தம்பி தொடர்ந்து இரண்டு தவணைகளைத் தவறவிட்டான். எத்தனை நாள் தாமதம் என்பது, ஒருவர் கடனை எப்படிக் கட்டுகிறார் என்று காட்டும் என் சிபில் அறிக்கையில் பதிவானது; அதில் தரப்படும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணில் எனக்கு இருந்த நல்ல இடமும் போயிற்று. மகளின் கல்விக்கடனுக்கு இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடச் சென்றபோது அந்த இரண்டு மாதங்களுக்கும் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. தவணை ஒழுங்காகப் போகும் காலத்திலும், தம்பி கட்டுகிற தொகையை என் செலவாகவே வங்கிகள் கணக்கிடுவதால், எனக்கென்று ஒரு வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய கடன் அந்த அளவுக்குக் குறைகிறது. 90 நாட்களுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு கொடுத்து, வழக்குத் தொடுக்காமலேயே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விட வங்கிக்கு உரிமை உண்டு. ஏலத்தொகை போதாவிட்டால் மீதிக்கு நானே பொறுப்பு.

இதைவிட என்னை அதிகம் கலங்கவைத்தது, ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமிச் சட்டம். 1988இல் இயற்றப்பட்டு 2016இல் கடுமையாக்கப்பட்ட அச்சட்டம், உடன்பிறந்தவர் பெயரில் சொத்து வாங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பணம் கொடுத்தவரின் பெயரும் ஆவணத்தில் கூட்டு உரிமையாளராக இடம்பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எங்கள் பத்திரத்தில் என் பெயர் மட்டுமே இருக்கிறது. பினாமி என்று முடிவானால் சொத்து பறிமுதலாகும், 7 ஆண்டு வரை சிறையும் உண்டு என்று நான் கலந்துபேசிய வழக்கறிஞர் சொன்னபோது, அண்ணன் தம்பிக்குள் இதெல்லாம் சகஜம்தானே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தம்பிக்கும் பாதுகாப்பில்லை: நாளை நான் இறந்துபோனால், ஆறு ஆண்டுகளாகத் தவணை கட்டியவன் அவனாக இருந்தும், காகிதத்தின்படி வீடு என் மனைவிக்கும் மகளுக்கும் அம்மாவுக்கும்தான் போகும்.

அவனைக் கடனில் சேர்த்து என்னை விடுவிக்குமாறு வங்கியிடம் கேட்டேன். நடப்புக் கடனில் ஆளை மாற்றும் வழி இல்லை, அவன் புதிதாகக் கடன் பெற்று வீட்டைக் கிரயமாக வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அப்படியானால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் மறுபடி செலவாகும். தம்பி இப்போது மூன்று ஆண்டுகளாக வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்கிறான்; அந்தச் செலவை ஏற்றுக்கொண்டு அதையே செய்யப்போகிறோம்.

சொந்த வீட்டுக்கு இந்த வங்கியின் கடனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உறவினருக்காக வாங்க நினைப்பவர்கள், அவர் பெயர் பத்திரத்திலும் கடனிலும் சேராதவரை விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டாம்.