ரூ. 27,500 போச்சு: ஜிஞ்சர் பியர் செட் வாங்க முன்னம் இதை வாசிங்க

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை பக்கம் ஏப்ரல் சீசனுக்கு வீட்டில் ஜிஞ்சர் பியர் போட்டு விற்கிற ஆட்கள் கட்டாயம் வாசிங்க. ஆறிப்போன பிறகு எழுதினால் பாதி விட்டுப்போகும், அதனால் சூட்டோடு எழுதுகிறேன்.

சமூக வலைத்தளத்தில் பக்கம் நடத்தி, ‘ஹோம் ப்ரூ செட்’ என்று கொரியரில் அனுப்புகிற கடை. பெயர் போடவில்லை. போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள். செட்டில் இருந்தவை: குழாய் பூட்டிய 30 லீற்றர் வாளி, ஏர்லொக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி), ஹைட்ரோமீட்டர் (கலவையின் அடர்த்தி பார்க்கிற கண்ணாடி மிதவை), ஈஸ்ட் பக்கற் நாலு, ‘கழுவத் தேவையில்லாத’ சானிடைசர் 250 மி.லீ., கிளிப் மூடி போட்ட கண்ணாடிப் போத்தல் 24. மொத்தம் ரூ. 27,500, கொரியர் காசு வேறு.

பொருள் கைக்கு வந்த பிறகு காசு தரலாமா என்று கேட்டதற்கு வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. “அண்ணே, நானும் ஹட்டன் ஆள்தான். மல்லியப்பு சந்தி தெரியுந்தானே? நம்ம ஆளுங்களையே ஏமாத்துவேனா? பேங்குக்குப் போட்டுட்டு ஸ்லிப்ப அனுப்புங்க. புடிக்காட்டி முழுக்காசும் திருப்பித் தாறேன்.” மல்லியப்பு சந்தி! அந்த ஒரு சொல்லுக்குத்தான் ரூ. 27,500 போனது.

இனி விஷயம். 20 லீற்றர் கலவை, இஞ்சி 1 கிலோ, சீனி 2 கிலோ, தேசிக்காய்ச் சாறு. எல்லாம் சேர்த்து 20 நிமிடம் கொதித்தது. மூடியபடியே ஆறவைத்து, 25 பாகைக்குக் கீழே வந்த பிறகு ஈஸ்ட். வாளியும் குழாயும் அவர்கள் தந்த சானிடைசரில் ஊறியவை. மூன்றாம் நாள் வாளியைத் திறந்தால் புளிச்ச வாடை. கரண்டியை விட்டுத் தூக்கினால் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி நூல் இழுக்கிறது.

நூல் இழுத்தால் அது ஈஸ்டின் வேலை இல்லை, பக்டீரியா. சீனி நிறைந்த பானத்தில் பெரும்பாலும் லியூகோனோஸ்டொக் வகை. அது சீனியிலிருந்து டெக்ஸ்ட்ரான் என்ற பசையை உண்டாக்கும். மேலே வெள்ளை ஆடை படிந்தால் காட்டு ஈஸ்ட், வினாகிரி வாடை வந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, மருந்துக்கடை வாடை வந்தால் குளோரின் மிச்சம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. நூல் இழுத்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் குழாய்.

குழாயை நட்டோடு கழற்றினேன். ரப்பர் வளையத்துக்குப் பின்னாலும் மரையிலும் மண்ணிறத்தில் காய்ந்த படிவு, நகத்தால் சுரண்டினால் பொருக்காக வருகிறது. ஒரு தடவை கலவை ஊற்றி இப்படிப் படியாது. ஃபோன் டோர்ச்சை வாளிக்குள் சரித்துப் பிடித்தால் அடியில் வட்ட வட்டமாகக் கீறல், யாரோ இரும்புத் தேய்ப்பானால் தேய்த்திருக்கிறார்கள். பழைய வாளியைக் கழுவிப் புதுசென்று விற்றிருக்கிறார்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை என்ன போட்டுக் கழுவினாலும் சரிவராது, கீறலுக்குள் பக்டீரியா ஒளிந்துகொள்ளும்.

அடுத்தது சானிடைசர். உண்மையான அமிலச் சானிடைசர் பொஸ்பொரிக் அமிலமும் ஒரு சவர்க்காரப் பொருளும் சேர்ந்தது. 20 லீற்றருக்கு 30 மி.லீ. அளவு போதும். கரைசலின் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 3 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும். இவர்கள் தந்ததைச் சொன்ன அளவில் கரைத்து பிஎச் பட்டியை முக்கினால் நிறம் 6க்கும் 7க்கும் நடுவில் நிற்கிறது, வெறும் தண்ணி. நுரை மட்டும் அமோகமாக வருகிறது, பாத்திரம் கழுவுகிற திரவத்தின் எலுமிச்சை வாடையோடு. விளம்பர வீடியோவிலும் அந்த நுரையைத்தான் காட்டினார்கள். நுரை கிருமியைக் கொல்லாது.

கலவை போட்ட அன்றே ஒரு பங்கை, கொதிநீரில் அவித்த ஜாம் போத்தலில் தனியாக எடுத்து மூடியைத் தளர்வாக வைத்திருந்தேன். அதே இஞ்சி, அதே தண்ணி, அதே ஈஸ்ட். அது இன்றுவரை சுத்தமாக இருக்கிறது. கலவை போடுகிற ஒவ்வொரு தடவையும் இப்படி ஒரு போத்தல் எடுத்து வையுங்கள். பிழை சமையலிலா சாமானிலா என்று பிறகு வாதாடத் தேவையில்லை.

இதையெல்லாம் படமெடுத்து அனுப்பினால் வந்த பதில்களைப் பாருங்க.

முதல் பதில்: “ரெண்டு நாள் வையுங்க அண்ணே, தானா சரியாகும்.” நூல் இழுத்தது தானாகச் சரியாகி ஜிஞ்சர் பியர் ஆகாது.

அடுத்தது, “உங்க ஊர்த் தண்ணி கடினம், அதான் சானிடைசர் வேலை செய்யல.” கடின நீரில் இது கலங்கிப் பலம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் இங்கே பீலியில் வருவது மென்னீர். அதுவும் வேண்டாமென்று பற்றரிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணியில் கரைத்துப் பார்த்தேன். பட்டி அதே நிறம்.

மூன்றாவதுதான் உச்சம். “மலையில தண்ணி 100 பாகையில கொதிக்காது, அதனால கிருமி சாகல.” நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், தண்ணி ஏறக்குறைய 94 பாகையில் கொதிக்கும், சரி. பாலை 72 பாகையில் 15 விநாடி வைத்தே பாஸ்சரைஸ் பண்ணுகிறார்கள். 94 பாகையில் 20 நிமிடம் கொதித்ததில் லியூகோனோஸ்டொக் மாதிரி எந்த லக்டிக் பக்டீரியா உயிரோடு இருக்கும்?

காசைத் திருப்பிக் கேட்ட பிறகு பதிலே இல்லை. நீல டிக் மட்டும் விழுந்தது. பிறகு அதுவும் இல்லை, பக்கத்தில் போட்ட கருத்தையும் அழித்துவிட்டார்கள். ரூ. 27,500 அங்கே, நாறுகிற 20 லீற்றர் இங்கே.

மற்றச் சாமான்களும் இதே லட்சணம்தான். ஈஸ்ட் பக்கற்றில் திகதிக்கு மேல் புதுத் திகதி ஸ்டிக்கர், உரித்தால் உள்ளே பழைய திகதி. பழைய ஈஸ்ட் மெதுவாகத்தான் எழும்பும், அந்த இடைவெளியில் பக்டீரியா முந்திவிடும். ஹைட்ரோமீட்டர் 20 பாகை வடித்த நீரில் 1.000 காட்ட வேண்டும், இது 1.006 காட்டுகிறது. கழித்துக்கொள்ளலாம் என்றால், உள்ளே இருக்கிற காகித அளவுகோலே தளர்ந்து நகர்கிறது.

போத்தல்தான் பயங்கரம். அலங்காரத்துக்கு எண்ணெய் ஊற்றி வைக்கிற மெல்லிய கண்ணாடி, அழுத்தம் தாங்காது. ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி புளித்தாலே ஏறக்குறைய ஒரு லீற்றர் வாயு வரும். ஜிஞ்சர் பியரில் லீற்றருக்கு 100 கிராம் இருக்கிறது. நுவரெலியாக் குளிரில் ஈஸ்ட் தூங்குகிற மாதிரி இருக்கும், அதே போத்தல் வேனில் ஏறிக் கொழும்புச் சூட்டுக்கு இறங்கினால் விழித்துக்கொள்ளும். யாருடைய மடியில் வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

என்னென்ன பார்த்து வாங்கணும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. வாளி வந்ததும் குழாயைக் கழற்றிப் பாருங்க. பிஎச் பட்டி இல்லாமல் அமிலச் சானிடைசரை நம்பாதீங்க. அது கிடைக்காட்டி வாசனை சேர்க்காத 5 வீத ப்ளீச், லீற்றருக்கு 4 மி.லீ., பத்து நிமிடம் ஊறவைத்து, கொதித்து ஆறின தண்ணியில் வாடை போகும் வரை அலசுங்க. ப்ளீச்சோடு வினாகிரியோ வேறு அமிலமோ ஒருநாளும் கலக்காதீங்க, நச்சு வாயு வரும். ஈஸ்டை இளஞ்சூட்டுச் சீனித் தண்ணியில் போட்டு, 20 நிமிடத்தில் நுரைக்காட்டி வீசுங்க. ஜிஞ்சர் பியருக்கு சோடா வருகிற பிளாஸ்டிக் போத்தலே போதும், அமுக்கிப் பார்த்துக் கல்லாகிவிட்டால் உடனே ஃப்ரிஜ்ஜில். பொருளைப் பார்க்காமல் பேங்குக்குக் காசு போடாதீங்க, எந்தச் சந்தியின் பெயரைச் சொன்னாலும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. ஸ்லிப், குரல் பதிவு எதையும் அழிக்காதீங்க.

அந்தக் கண்ணாடிப் போத்தலில் ஏற்கனவே நிரப்பி வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே செய்யுங்க. கையுறை போட்டு, ஒவ்வொன்றையும் தடித்த துவாயில் சுற்றி ஃப்ரிஜ்ஜில் வையுங்க. நன்றாகக் குளிர்ந்த பிறகு முகத்தைத் தள்ளிவைத்து, துவாயோடேயே கிளிப்பைத் திறந்து வாயுவை விடுங்க. பிள்ளைகளைக் குசினிப் பக்கம் விடாதீங்க.