ஹெட்லைட் கவர்: பாலிகார்பனேட்டா, அக்ரிலிக்கா?

பல வருடம் வெயிலிலேயே நின்ற ஒரு காரை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். முன்னால் ஹெட்லைட் கவர் மஞ்சளடித்து மங்கிக் கிடக்கும், அதிலும் வானத்தைப் பார்த்த மேல்பகுதிதான் மோசம், அங்கே தோல் உரிவது போல மெல்லிய படலம் செதில் செதிலாகக் கிளம்பியிருக்கும், பம்பரை ஒட்டிய கீழ்ப்பகுதி மட்டும் இன்னும் தெளிவாக இருக்கும். பின்னால் போனால் டெயில் லைட்டில் கீறல் இருக்கலாம், ஆனால் இப்படி மஞ்சள் இருக்காது. பட்டதெல்லாம் ஒரே வெயில்தான், பிளாஸ்டிக்தான் வேறு. முன்னால் இருப்பது பாலிகார்பனேட். பின்னால் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பிஎம்எம்ஏ.

சரி, அக்ரிலிக்தான் வெயில் தாங்குகிறதே, முன்னாலும் அதையே போட்டால் என்ன? ஒளியைக் கடத்துவதிலும் அதுவே முந்துகிறது. அக்ரிலிக் சுமார் 92 சதவீத ஒளியை விடும், பாலிகார்பனேட் 88, 89 அளவில் நின்றுவிடும். பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.58க்கு மேல், அக்ரிலிக்குடையது 1.49, அதனால் பாலிகார்பனேட்டின் இரு பரப்புகளிலும் கொஞ்சம் கூடுதலாக ஒளி எதிரொளித்து வீணாகிறது. கீறலையும் அக்ரிலிக்தான் நன்றாகத் தாங்கும். பூச்சு இல்லாத பாலிகார்பனேட்டை மணல் ஒட்டிய துணியால் துடைத்தாலே கோடு விழுந்துவிடும்.

அக்ரிலிக் தோற்பது இரண்டே இடத்தில், ஆனால் அந்த இரண்டும் ஹெட்லைட்டுக்கு உயிர்நாடி. முதலாவது அடி. முன்னால் போகும் லாரியின் டயரிலிருந்து தெறித்த கல் பட்டால் சாதாரண அக்ரிலிக் கூர்மையான துண்டுகளாக உடையும், பாலிகார்பனேட்டில் பெரும்பாலும் ஒரு குழிதான் விழும். சின்ன வெட்டுப் போட்ட சோதனைத் துண்டை அடித்து உடைத்துப் பார்க்கும் மோதல் சோதனையில் பாலிகார்பனேட் பல பத்து மடங்கு கூடுதல் ஆற்றலைத் தாங்குகிறது. இரண்டாவது சூடு. அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும், பாலிகார்பனேட்டுக்கு அது 150ஐ ஒட்டி வரும். ஹாலஜன் பல்பு எரியும் மூடிய கூட்டுக்குள் அந்த இடைவெளி ரொம்பவே முக்கியம். எல்இடி வந்தபிறகு சூட்டின் பெரும்பகுதி சிப்பின் பின்னால் உள்ள அலுமினியத் தகட்டுக்குப் போய்விடுவதால் இந்த இரண்டாவது காரணம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ஆனாலும் கல் தெறிப்பது நிற்கவில்லையே, அதனால் முன்பக்கக் கவர் பாலிகார்பனேட்டாகவே தொடர்கிறது.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளாகாது, கீறாது, ஆனால் எடை பிளாஸ்டிக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல், உடைந்தால் ஆபத்து, இன்றைய வண்டிகளின் வளைந்து நெளிந்த வடிவங்களுக்கு வார்ப்பதும் கஷ்டம்.

இனி பாலிகார்பனேட்டின் பலவீனத்துக்கு வருவோம். அதன் மூலக்கூறிலேயே இருக்கும் பென்சீன் வளையங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன, பிணைப்புகள் அறுந்து புதிய சேர்மங்கள் உண்டாகின்றன, அவைதான் நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. இதைத் தடுக்கத்தான் மேலே சிலிக்கோன் அல்லது அக்ரிலேட் வகை ஹார்ட் கோட் போடுகிறார்கள், தடிமன் பத்து மைக்ரான் அளவில்தான் இருக்கும். அந்தப் பூச்சுதான் கீறலையும் தடுக்கிறது, புற ஊதாவையும் தடுக்கிறது. அதனால் மாற்று ஹெட்லைட் வாங்கும்போது "இது உடையாத பாலிகார்பனேட்" என்று கடைக்காரர் சொல்வது எனக்குப் போதாது. உடையாதது எல்லா பாலிகார்பனேட்டுக்கும் பொது. என்ன பூச்சு, உள்ளே வெளியே இரண்டு பக்கமும் போட்டதா, வெயில் சோதனை ஆனதா என்று கேளுங்கள். வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇ, வாகன விளக்குப் பிளாஸ்டிக்குக்கு வகுத்த ஜே576 தரம் மாதிரிகளை ஃபுளோரிடாவின் ஈர வெயிலிலும் அரிசோனாவின் வறண்ட வெயிலிலும் மூன்று வருடம் திறந்தவெளியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. பதில் தெரியாத இடத்தில் மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மஞ்சளான கவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பாலிஷ் செய்தால் அன்றைக்குப் பளபளப்பாகத்தான் தெரியும். ஆனால் மஞ்சளோடு சேர்த்து மிச்சமிருந்த பூச்சையும் எடுத்துவிட்டீர்கள், இப்போது வெறும் பாலிகார்பனேட் வெயிலில் நிற்கிறது, சில மாதங்களிலேயே மறுபடி மங்கும். தேய்த்த கையோடு புற ஊதாத் தடுப்புள்ள கிளியர் கோட் அடிக்காவிட்டால் அந்த வேலையே வீண். பற்பசை வைத்தியமும் இதே கதைதான்.

டெயில் லைட்டுக்கும் இண்டிகேட்டருக்கும் என் தேர்வு சந்தேகமில்லாமல் அக்ரிலிக். சூடு குறைவு, கல்லடி குறைவு, ஹார்ட் கோட் இல்லாமலே வருடக்கணக்கில் நிறம் நிற்கும், சிவப்பையும் ஆம்பரையும் ஒரே கவரில் அடுத்தடுத்து வார்க்கலாம், பின்னால் உள்ள ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் கூட்டோடு நேரடியாக வெல்டும் செய்யலாம். கரடுமுரடான பாதையில் ஓடி அடிக்கடி கீழே விழும் பைக் என்றால் மட்டும் பின்னாலும் புற ஊதாத் தடுப்புக் கலந்த பாலிகார்பனேட்டை யோசிக்கலாம். ரப்பர் துகள் கலந்து வலுவூட்டிய அக்ரிலிக்கும் உண்டு, ஆனால் அது கொஞ்சம் சூட்டு வலிமையை விட்டுக்கொடுத்துத்தான் அந்த உறுதியைத் தரும்.

அப்புறம் ரசாயனம். இதில் இரண்டுமே பலவீனம்தான். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எது பட்டாலும் ஆபத்து, அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, ஆல்கஹால் அக்ரிலிக்குக்கு ஆகாது. வார்ப்பில் உள்ளே அடைபட்ட இறுக்கம் இருந்தால் இன்னும் மோசம்: தின்னர் துணியால் ஒரு தடவை துடைத்த கவரில் ஸ்க்ரூ துளையைச் சுற்றி முடியிழை போல விரிசல்கள் நட்சத்திர வடிவில் ஓடும். இந்த இறுக்கத்தைப் போக்கத்தான் நல்ல தயாரிப்பாளர்கள் வார்த்த கவரை அடுப்பில் வைத்துச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுகிறார்கள். பாலிகார்பனேட் மணிகளை வார்ப்பதற்கு முன் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தவும் வேண்டும், ஈரம் இருந்தால் உருக்கும்போதே மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, வெள்ளிக் கோடுகளோடு பலமில்லாத கவர் வரும். எந்தக் கவர் ஆனாலும் கழுவ தண்ணீரும் மிதமான சோப்பும் போதும், தூசியை முதலில் தண்ணீர் ஊற்றி இறக்கிவிட்டுத் துணியை எடுங்கள்.