₹3,400 போச்சு: வைல்ட்லேண்ட்ஸ் "பெர்சனல் அக்கவுண்ட்" விற்பவர்களிடம் ஜாக்கிரதை

கோஸ்ட் ரீகான் வைல்ட்லேண்ட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கேம், கோல்டு எடிஷன், நாலு காப்பி, மொத்தம் ₹3,400. இப்போது நாலு பேர் கம்ப்யூட்டரிலும் தலா 50 ஜிபிக்கு மேல் கேம் ஃபைல் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. ஒன்றில்கூட சேர்ந்து ஆட முடியாது. விற்றவன் பெயரையோ அவன் சேனல் பெயரையோ போடவில்லை. போட்டாலும் நாளைக்கே வேறு பெயரில் வந்து உட்காருவான். ஆள் எந்த வகை என்று சொன்னாலே பலருக்குப் புரியும்: மெசேஜ் ஆப்பில் சேனல் வைத்து, "சீப் கேம்ஸ், இன்ஸ்டன்ட் டெலிவரி, வாரண்டி உண்டு" என்று போட்டு, யுபிஐயில் பணம் வாங்குகிற வகை. என்ன நடந்தது, இனி வாங்குபவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிற எரிச்சலில் வரிசை எவ்வளவு நிற்கும் என்று பார்ப்போம்.

நாலு காப்பி எதற்கு என்று கேட்பவர்களுக்கு மட்டும் இந்தப் பத்தி. 2017 மார்ச்சில் வந்த கேம். பொலிவியாவை ஒரே திறந்த வரைபடமாக வைத்து, சான்டா பிளாங்கா என்ற போதைக் கும்பலை மாகாணம் மாகாணமாக அறுக்க விடுவார்கள். தனியாக ஆடினால் ஹோல்ட், மிடாஸ், வீவர் என்று மூன்று ஏஐ ஆட்கள் கூட வருவார்கள். சிங்க் ஷாட்டை (எல்லோரும் ஒரே நேரத்தில் சுடும் வசதி) முழுதாக மேம்படுத்திவிட்டால் மூன்று பேரை அவர்களுக்குக் குறித்துக் கொடுத்து, நாலாவது ஆளை நாம் சுட, நாலும் ஒரே நொடியில் விழும். சுகமாக இருக்கும், சவால் இருக்காது. நிஜ ஆட்கள் சேர்ந்தால் அந்த ஏஐ கூட்டம் விலகிவிடும். ஒருவர் ட்ரோன் விட்டுக் குறிக்க, ஒருவர் மலைச்சரிவில் ஸ்னைப்பரோடு படுக்க, இரண்டு பேர் உள்ளே இறங்க, அதுதான் ஆட்டம். எக்ஸ்ட்ரீம் என்ற மிகக் கடினமான நிலையில் வைத்து ஆடும்போது யூனிடாட் என்ற ராணுவப் படைக்காரன் ஒருத்தன் ஒரு பிணத்தைப் பார்த்துவிட்டால் போதும், ஹெலிகாப்டர் வரைக்கும் வந்துவிடும். இதற்கு நாலு பேரும் தனித்தனி கணக்கில் ஆன்லைனில் இருந்தே ஆக வேண்டும். அதனால் கோ-ஆப் (சேர்ந்து ஆடுவது) ஓடுமா, நெட் இல்லாமல் தனியாக மட்டும் ஆடவிடும் ஆஃப்லைன் ஆக்டிவேஷனா என்று முதல் மெசேஜிலேயே தெளிவாகக் கேட்டாச்சு: "நாலு பேர் கோ-ஆப் ஆடணும். ஆஃப்லைன் ஆக்டிவேஷன் வேண்டாம். முடியுமா?" வந்த பதில்: "கோ-ஆப் பக்காவா ஓடும் ப்ரோ. நானே டெய்லி ஆடுறேன்."

அவன் நம்பிக்கை சம்பாதித்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். நாலுக்கும் பணம் கேட்கவே இல்லை. "முதல்ல ஒண்ணு மட்டும் வாங்குங்க ப்ரோ. ஓகேன்னா மத்தது பேசிக்கலாம். அவசரமே இல்ல." இப்படிச் சொல்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? ₹850 அனுப்பியதும் பத்து நிமிஷத்தில் கீ (கேமை நம் கணக்கில் சேர்க்கும் கோடு) வந்தது. கேமைத் தயாரித்த யுபிசாஃப்டின் லாஞ்சரான யுபிசாஃப்ட் கனெக்டில் சொந்தக் கணக்கில் போட்டதும் ஏற்றுக்கொண்டது. கோல்டு எடிஷனோடு வரும் கூடுதல் கதைகளான நார்கோ ரோடு, ஃபாலன் கோஸ்ட்ஸ் இரண்டும் லைப்ரரியில் வந்து நின்றன. ஃபாலன் கோஸ்ட்ஸைத் திறந்தால் லெவல் 30 ஆளோடு ஆரம்பிக்கிறது. கோல்டு எடிஷன்தான், சந்தேகமில்லை. மிச்ச மூன்றுக்கு ₹2,550 போனது. ஆக ₹3,400.

பணம் போன பிறகுதான் பேச்சு மாறியது. "கீ ஸ்டாக் முடிஞ்சிடுச்சு ப்ரோ. அதே ரேட்டுக்கு பெர்சனல் அக்கவுண்ட் தர்றேன், மெயில் ஐடியோட, ஃபுல் ஆக்செஸ். இது கீயை விட பெட்டர்." அதோடு ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங்: லைப்ரரியைத் திறந்து, கேமை ஓட்டி, வரைபடத்தைச் சுற்றிக் காட்டுவான். (அதே ரெக்கார்டிங் இப்போது வேறொரு பெயரில் வேறொரு சேனலில் ஓடிக்கொண்டிருக்கிறது.) மூன்று லாகின் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை: "பாஸ்வேர்டை மட்டும் மாத்தாதீங்க, மாத்தினா வாரண்டி போயிடும்." ஃபுல் ஆக்செஸ் என்று விற்றுவிட்டு பாஸ்வேர்டை மாற்றாதே என்றால் அர்த்தம் ஒன்றுதான்: அந்தக் கணக்கு இன்னும் பல பேரிடம் இருக்கிறது. மெயில் ஐடி தந்தானே என்றால், அந்த மெயிலின் ரெகவரி நம்பர் அவனுடையது. பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் ஒரு ஓடிபியில் திருப்பி எடுத்துக்கொள்வான்.

இப்போது ஒவ்வொன்றும் எப்படிச் செத்தது என்று பாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது லாகின். மெயில் ஐடி வேறு வேறு மாதிரி தெரிந்தது. ஒன்றில் நடுவே ஒரு புள்ளி, மற்றதில் புள்ளி இல்லை. ஜிமெயிலுக்குப் புள்ளி ஒரு பொருட்டே இல்லை, இரண்டும் ஒரே இன்பாக்ஸ். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் ஒரே கணக்கு! கேமின் தொடக்கத்தில், இட்டாகுவா மாகாணத்தில் அமாரு என்ற கிளர்ச்சிக்காரரைப் பிடித்து வைத்திருக்கும் இடம் தெரியுமில்லையா, அவரை வெளியே இழுத்து வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் ஒருவர் திரையில் "இந்தக் கணக்கு வேறு கம்ப்யூட்டரில் திறக்கப்பட்டது" என்று வந்து லாஞ்சர் மூடிக்கொண்டது. அவர் திரும்ப உள்ளே வந்தால் இவர் வெளியே. ஒரே கணக்கில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆன்லைனில் இருக்க முடியாது, அவ்வளவுதான். அதில் ஒருவர் ஆஃப்லைன் போனால் ஆட்டம் ஓடும், கோ-ஆப் ஓடாது. எதற்காக வாங்கினோமோ அது மட்டும் கிடையாது.

நாலாவது, ஸ்டீம் (கேம் விற்கும் ஆன்லைன் கடை) கணக்கு. லைப்ரரியில் கேம் இருக்கிறது, டவுன்லோடும் ஆகிறது. பிளே அழுத்தினால் யுபிசாஃப்ட் கனெக்ட் திறக்கும், ஏனென்றால் ஸ்டீமில் வாங்கினாலும் இந்த கேமுக்கு யுபிசாஃப்ட் கணக்கு கட்டாயம். முதல் தடவை ஓட்டும்போது எந்த யுபிசாஃப்ட் கணக்கில் நுழைகிறோமோ அதோடு அந்தக் காப்பி கட்டப்பட்டுவிடும். இது ஏற்கெனவே முகம் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கோடு கட்டியாச்சு. நம் கணக்கில் நுழைந்தால் "கீ ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று துப்பிவிடும். விற்றவனுக்கு இது தெரியாமல் இருக்க வழியே இல்லை.

முதல் கீ, நன்றாக ஓடியதே, அதுவும் போனது. ஒரு நாள் லைப்ரரியில் கேமையே காணோம். இதன் சூட்சுமம் வெளியில் பலருக்குத் தெரியாது. திருட்டுக் கார்டு எண்ணில் கீ வாங்குவார்கள். கார்டுக்காரர் ஸ்டேட்மென்ட் பார்த்து வங்கியில் புகார் கொடுக்க, வங்கி பணத்தைத் திரும்ப எடுக்க, கீ விற்ற கடை கேம் நிறுவனத்திடம் சொல்ல, கீ ரத்தாக சில வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் இவர்கள் வியாபாரம். 2015 ஜனவரியில் ஃபார் க்ரை 4 உட்பட பல கேம்களின் கீகளை யுபிசாஃப்ட் இப்படித்தான் மொத்தமாக ரத்து செய்தது. மோசடிக் கார்டில் வாங்கி மறுவிற்பனையில் விட்ட கீகள் அவை. அப்போது கூச்சல் கிளம்பியதால், ஏற்கெனவே ஆக்டிவேட் செய்து ஆட ஆரம்பித்தவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். எல்லா முறையும் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எங்களுக்கு வந்த கீ எந்த வழியில் வந்ததோ, "இன்வாய்ஸ் இருக்கா?" என்று கேட்டதற்கு அவன் ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் அனுப்பினான்.

புகார் சொன்னதும் வந்த பதில்களை அப்படியே தருகிறேன். உங்களுக்கும் இதே வரிசையில் வரும். "ஐபி மாறியிருக்கும் ப்ரோ, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அடுத்து "விண்டோஸ் அப்டேட் பண்ணலையா?" அடுத்து "டூ-ஸ்டெப் கோடு கேக்குதா, 15 நிமிஷத்துல அனுப்புறேன்." 15 நிமிஷம் விடிந்தும் முடியவில்லை. அடுத்து "என் டெக்னிக்கல் டீம் பாக்குது." ஒருத்தன் நடத்தும் சேனலுக்கு டெக்னிக்கல் டீமாம்! அடுத்து "வாரண்டி ஆஃப்லைன் மோடுக்கு மட்டும்தான், டெஸ்கிரிப்ஷன்ல இருக்கு பாருங்க." போய்ப் பார்த்தால் அந்த வரி புதிதாக ஏறியிருக்கிறது, பழைய பதிவை எடிட் செய்திருக்கிறான். நல்லவேளை, பழைய ஸ்கிரீன்ஷாட் கையில் இருக்கிறது.

இதற்குப் பிறகு வந்த இரண்டும்தான் நிஜ ஆபத்து. ஒன்று, "ஃபிக்ஸ்" என்று ஒரு ஜிப் ஃபைல், "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ரன் பண்ணுங்க" என்ற குறிப்போடு. ஓட்டவில்லை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப்பாக ஏன் அனுப்புகிறார்கள் தெரியுமா? பூட்டியிருந்தால் மெயிலோ ஆப்போ உள்ளே ஸ்கேன் செய்ய முடியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு, லாகின் குக்கீ எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிற ரகம் பெரும்பாலும் இப்படித்தான் வரும். குக்கீ போய்விட்டால் டூ-ஸ்டெப் வைத்திருந்தும் பயனில்லை. இரண்டாவது, "சரி ப்ரோ, ரீஃபண்ட் ₹3,400 போடுறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க." பணம் நமக்கு வருவதற்கு பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். ₹3,400 எடுத்தது போதாமல் இன்னொரு ₹3,400க்கு வலை. அதையும் தட்டிக்கேட்டதும் எங்களை பிளாக் செய்துவிட்டான்.

சரி, என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். நீளமாக எழுதப் பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும்.

கீயா, கிஃப்ட்டா, அக்கவுண்ட்டா என்று பணம் அனுப்புமுன் எழுத்தில் வாங்குங்கள். அக்கவுண்ட் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டீம், யுபிசாஃப்ட் இரண்டின் விதியிலும் கணக்கை விற்கக் கூடாது, பறித்துக்கொண்டால் எங்கேயும் முறையிட முடியாது. ஏமாற்றி ஆடியதற்கான ஆன்டி-சீட் தடை ஏதாவது இருந்தால் அதுவும் அந்தக் கணக்கோடு சேர்ந்துதான் வரும்.

முதல் கீ வேலை செய்தது எதற்கும் சாட்சி இல்லை.

பழைய கேம் இது. அதிகாரபூர்வக் கடைகளிலேயே ஆண்டுக்குப் பலமுறை பாதி விலைக்கும் கீழே வரும். விஷ்லிஸ்ட்டில் போட்டுக் காத்திருங்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். சேனல்காரனிடம் அது நடக்காது. பிசியில் ஸ்டீம் காப்பியும் யுபிசாஃப்ட் காப்பியும் சேர்ந்து கோ-ஆப் ஆடும்; கன்சோலும் பிசியும் சேராது. நாலு பேரும் இதைப் பார்த்து வாங்குங்கள்.

சொந்தக் கணக்கில் போட்ட கீ ரத்தானவர்கள் யுபிசாஃப்ட் லாஞ்சர் ஃபோல்டருக்குள் சேவ்கேம்ஸ் என்று இருப்பதைக் காப்பி எடுத்து வையுங்கள். அது உங்கள் ஐடியின் பெயரில்தான் இருக்கும், மறுபடி வாங்கினால் விட்ட இடத்தில் தொடர வாய்ப்புண்டு. அடுத்தவன் கணக்கில் ஆடியவர்களுக்கு அது இல்லை. ஏறின லெவல், எடுத்த துப்பாக்கி எல்லாம் அந்தக் கணக்கோடு போச்சு.

பணம் போயிருந்தால் முதலில் 1930க்குப் போன் போடுங்கள், பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். தாமதமானால் பணம் அடுத்த கணக்குக்கு நகர்ந்துவிடும். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனைக்குள் போனால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். புகாரில் முதலில் கேட்பது அதைத்தான். அவனோடு பேசிய சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அவன் தன் பக்கத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தால் உங்கள் பக்கமும் காலியாகும் ஆப்கள் உண்டு.

அந்த ஜிப்பை யாராவது ஓட்டியிருந்தால், அதே கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள். போனிலிருந்து மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றிவிட்டு, அப்புறம் ஸ்டீம், யுபிசாஃப்ட், வங்கி. கம்ப்யூட்டரில் விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகுதான் அதில் மறுபடி எதிலும் லாகின் செய்ய வேண்டும்.